கதவைச் சாத்தியபின் வாசி

தம்பி, கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுவது உன் தங்கை. சொல்வது நான். போன வாரம் மன்னார்குடியில் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். உள்ளேயிருந்து வரும் தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே தரையில் உன் தங்கை, மடியில் பரீட்சை அட்டை. பத்தாவது பரீட்சைக்கு வாங்கிய அட்டை அது. அதற்குப் பிறகு அதற்கு வேலை வரவில்லை. "பழைய படத்து வில்லன் மாதிரி இருக்கீங்கப்பா" என்கிறாள். சொன்னதை அவளே எழுதியும் கொண்டாள். வெளி ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற பெண், காகிதத்தில் எவ்வளவு பேசுகிறாள் பார்.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியது எப்படி முடிந்தது? "அம்மா இல்லாத கல்யாணத்துல அம்மா எங்கப்பா இருக்காங்க? மாலை போட்ட போட்டோலயா?" என்று கேட்டாய். நான் பதில் தேடுவதற்குள், "ரிசப்ஷன்ல நான் அம்மாவுக்காக வாசிக்கக் கூடாதுன்னா ரிசப்ஷனே வேண்டாம். கோயில்ல தாலியக் கட்டிட்டு அன்னைக்கே சென்னைக்குக் கிளம்பிடறோம். அப்புறம் எங்கள ஊர்ப்பக்கம் தேடாதீங்க" என்று வைத்துவிட்டாய். மறுநாள் காலை உன் மாமா வந்தார். உன் அம்மாவோடு கூடப் பிறந்த ஒரே தம்பி, தாய்மாமன் என்று உன் பக்கத்தில் மேடையில் நிற்க வேண்டியவர். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலில் வண்டியை அணைக்காமலே சொன்னார்: "அத்தான், கல்யாண மேடைல எழவு வாசிச்சா நான் மேடை ஏற மாட்டேன். மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளப் பாத்துக்குங்க." இரண்டு பக்கமும் பேச்சு முடிந்தது. நடுவில் நான், ஒற்றைக் கண்ணோடு. உன்னை விட்டால் எனக்கு வேறு மகன் இல்லை. அவரை விட்டால் உன் அம்மா வழியில் இந்த வீட்டுக்கு வேறு மனிதர் இல்லை. உன் கல்யாணம் ஆவணியில். ஆவணி பிறக்க அதிக நாள் இல்லை. அதனால்தான் கடிதம். போனைப் போல இதைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்குள் கொஞ்சமாவது படித்திருப்பாய்.

உன் வாசிப்பை நான் ஒரு நாளும் சரியாகப் புரிந்துகொண்டவன் இல்லை. தஞ்சாவூருக்குக் காலேஜ் படிக்கப் போனவன், இரண்டாம் வருஷம் தோளில் ஒரு பெரிய கிதார் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாய். "என்ன, புள்ள சர்ச்சுல பாட்டுக்குச் சேந்துட்டானா?" என்று டீக்கடையில் என்னைக் கேட்டார்கள். சினிமாப் பாட்டு வாசிப்பாய் என்று நானும் நினைத்தேன். நீயோ மணையை எடுத்துப் போட்டு ஒரு காலை அதன் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, நைலான் கம்பியில் யாருக்கும் தெரியாத எதையோ, அதே நாலு சத்தத்தை, மத்தியானம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தாய். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று நான் காத்திருந்தேன். ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று உன் அம்மாதான் சொன்னாள். வலது கை நகங்களை வளர்த்தாய், இடது கை நகங்களை ஒட்ட வெட்டினாய். "ஒரு கை பொண்ணு, ஒரு கை மாப்புள. இவனுக்குத் தனியா கல்யாணம் எதுக்கு?" என்று உன் மாமா கேலி செய்யாத நாள் இல்லை.

அந்த நகங்களால் நம் வீட்டில் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். ஒரு சம்பாவில் நாற்றுப் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். உன் அம்மா வரப்பில் குறுக்கே வந்து நின்றாள். "அவன் நகம் ஒடஞ்சா மறுபடி வளர எத்தன நாளாவும் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "நெல்லு வளர எத்தன நாளாவும்னு அவனுக்குத் தெரியுமா?" என்றேன். "அது தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர் இருக்கீங்கள்ல, போங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினாள். இறங்கினவள் சும்மா இருந்தாளா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யார் போனாலும் நிறுத்தி, குசலம் விசாரித்து, வைது, சிரித்து அனுப்பினாள். அவள் வரப்பில் நின்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பக்கத்து வயல்காரரும் கை கழுவிக்கொண்டு கரையேறுவார். உனக்குச் சங்கீதம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறவர்களிடம், அவன் அம்மா போட்ட சத்தத்திலிருந்து வந்தது என்று நான் சொல்வது பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. தொண்டையில் கட்டி என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு அனுப்பினார்கள். மூச்சு அதன் வழியே போய்வரும், பேச்சு வராது. ஊருக்கெல்லாம் கேட்கிற குரலோடு இருந்தவளுக்குப் பக்கத்து அறையில் இருக்கும் மகளைக் கூப்பிட வழியில்லை. முதல் இரண்டு நாள் கையைத் தட்டிப் பார்த்தாள். கையில் வலுவில்லை. பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கட்டில் பலகையில் வைத்துக்கொண்டு, சின்ன ஸ்பூனால் தட்டினாள். டிங், டிங். அதுதான் அவள் குரல். தண்ணீருக்கும் அது, புரட்டிப் படுக்க வைக்கவும் அது, துளையில் சளி அடைத்தால் துடைக்கவும் அது. எதற்கு என்று தட்டும் விதத்திலிருந்தே உன் தங்கைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் போனால் உன் அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி தட்டுவாள். "உங்கள இல்லப்பா" என்று சிரித்துக்கொண்டே உன் தங்கை ஓடி வருவாள்.

அப்போதுதான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, ஒரு வாரம் கழித்துச் சேரலாம் என்று சொன்னவன் நான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. இப்போது போகச் சொன்னால், கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்கிறாள். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "என்னப் பத்தி எதுக்குப்பா? கல்யாணத்தப் பத்திச் சொல்லுங்க" என்கிறாள். எழுதும்மா, கல்யாணத்தைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி சொல்லப்போவதையும் அவள் எழுத மாட்டேன் என்றுதான் அடம்பிடித்தாள். தம்பி, அந்தத் தீபாவளிக்கு நீ இரண்டு நாள் வந்திருந்தாய். அடுத்த வாரம் ஏதோ பெரிய சபையில் உனக்குக் கச்சேரி இருந்தது. காலையில் உன் அம்மாவின் படுக்கை விரிப்பைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, உன் தங்கை உன்னிடம், "அண்ணா, இத மட்டும் கொஞ்சம் அலசிப் போடறியா, நான் கஞ்சி காய்ச்சிடறேன்" என்றாள். நீ உன் வலது கையைப் பார்த்தாய். மாட்டேன் என்று சொல்லவில்லை. நகங்களைப் பார்த்தாய், அவ்வளவுதான். ஒரு நொடி இருக்கும். அதற்குள் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். நீ பின்னாலேயே போய், "குடு, குடு" என்று கேட்டதும் எனக்குத் தெரியும். அவள் கொடுக்கவில்லை. இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். உன் அம்மாவும் கட்டிலிலிருந்து பார்த்தாள். நீ கிளம்பிப் போன பிறகு அவள் என்னிடம் தன் விரல் நகத்தைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவனை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று அர்த்தம். வரப்பில் நின்று சொன்ன அதே வார்த்தைதான், குரல் மட்டும் இல்லை. இத்தனை நாள் சொல்லாமல்தான் இருந்தேன்.

உன் அம்மா போன அன்றைக்கு நீ பஸ்ஸில் இருந்தாய். நான் வயலில் இருந்தேன். ஐப்பசி மழையில் பயிர் முழுகிக் கிடந்தது. வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். திரும்பி வந்தபோது உன் தங்கை கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா தூங்கிட்டாங்கப்பா" என்றாள். அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதபோதும், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தபோதும் அவள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வரைக்கும் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

இப்போது உன் இசைக்கு வருகிறேன். சித்திரையில், உன் அம்மாவுக்காக வாசித்ததைப் போனில் அனுப்பி, "கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். பெயர் 'தலைமாட்டில்' என்று போட்டிருந்தது. மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சத்தமாக வைத்துக் கேட்டேன். முதலில் அந்தத் தடித்த கம்பி. அதை வழக்கத்தைவிடத் தளர்த்திக் கட்டியிருப்பதாக நீ பிறகு சொன்னாய். வயலுக்கு அந்தப் பக்கம் ரயில் போவது போல, காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் பட்டது. அப்புறம் மெல்லிய கம்பியில் ஒரே சுரத்தை விரல்கள் மாற்றி மாற்றித் தொட்டு ஒரு நடுக்கம். உன் அம்மா மூச்சு வாங்கியது அப்படித்தான், விடாமல், சன்னமாக. பிறகு உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கிக்கொண்டு வாசிக்கிறாய். சுரம் வருகிறது, ஆனால் வெளியே வராமல் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அங்கே எனக்கு எல்லாம் புரிந்தது, தம்பி. உன் கிதாரில் வார்த்தை இல்லை என்றுதானே நான் இத்தனை வருஷம் குறை சொன்னேன்? கடைசி வருஷம் அவளிடமும் வார்த்தை இல்லை. அவளை வார்த்தையில்லாமல்தான் சொல்ல முடியும். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது வரலாம், ஆபரேஷனுக்கு முன்னால்.

அதற்குப் பிறகு எல்லாச் சத்தமும் நின்றது. நீ உன் நகத்தால் கிதார் மரத்தில் தட்டினாய். கூடவே கம்பிகளும் அதிர்ந்ததால் அது மரச்சத்தமாக இல்லை, பாத்திரச் சத்தமாகக் கேட்டது. டிங், டிங். நான் நிமிர்வதற்குள் கொல்லைக் கதவு படார் என்று திறந்தது. உன் தங்கை ஓடி வந்தாள். கைகளில் முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் என்னைத் தாண்டி நேராக அறைக்குள் ஓடினாள். அங்கே கட்டில் இல்லை, எடுத்துக் கொடுத்துவிட்டோம். நெல் மூட்டைகள்தான் அடுக்கியிருக்கின்றன. மூட்டைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். உன் வாசிப்பு மட்டும் போனில் அடுத்த சுரத்துக்குப் போய், அதற்கடுத்த சுரத்துக்குப் போய், அழகாக, மெல்ல, மணி அடித்து ஓய்வது போல ஓய்ந்து முடிந்தது. அவள் வெளியே வந்து, "அப்பா, அத இனிமே சத்தமா வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குப் போய்விட்டாள்.

அந்தத் தட்டலை நீ தீபாவளிக்கு வந்தபோது கேட்டு மனதில் வைத்திருந்தாயா, இல்லை தானாக உன் விரலில் வந்ததா, எனக்குத் தெரியாது. கேட்டு வைத்திருந்தாய் என்றால் நீ நல்ல மகன். தானாக வந்தது என்றால் உன் அம்மா உன் விரலில் இருக்கிறாள். எப்படியானாலும் நீ அதற்கு 'தலைமாட்டில்' என்று பெயர் வைத்திருக்கிறாய். தலைமாட்டில் நீ இல்லை. நானும் இல்லை. இருந்தவள் ஒருத்தி, அவள் ஒன்றும் வாசிக்கவில்லை. நீ துக்கத்தை எடுத்து நாலு பேர் கண் கலங்குகிற மாதிரி ஆக்கிவிட்டாய். அது பெரிய காரியம், அது எனக்கு வராது. ஆனால் அந்தத் துக்கத்தை வாளியில் போட்டு அலசியவளிடம் நீ இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையில் வாசித்தாய், சென்னையில் உன் சிநேகிதர்களுக்கு வாசித்தாய், இப்போது மண்டபத்தில் வாசிக்கப் போகிறேன் என்கிறாய். இந்த வீட்டில் வாசித்தாயா? எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான். அபசகுனம் அது இது என்று நான் பார்க்கவில்லை.

உன் மாமாவும் சகுனம் பார்க்கவில்லை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முந்தாநாள் என்னைக் கண் மருந்துக்காக மன்னார்குடிக்கு வண்டியில் அழைத்துப் போனவர், திரும்பும்போது ஜவுளிக்கடை முன்னால் நிறுத்தினார். "அக்காவுக்குப் படையல் பொடவ எங்க வீட்லேருந்துதான் வரணும், வாங்க அத்தான்" என்றார். உள்ளே ஒரு சின்னப் பெண் புடவைகளை எடுத்துப் போட்டது. "யாருக்குங்க சார்?" "எங்க அக்காவுக்கு." "என்ன வயசு இருக்கும்?" உன் மாமா என்னைப் பார்த்தார். "நாப்பத்தாறு" என்றார். போன வருஷமும் நாற்பத்தாறு, இந்த வருஷமும் நாற்பத்தாறு. "கலரா இருப்பாங்களா, மாநெறமா?" "மாநெறம். ஆனா சிவப்பு எடுத்தா அவளுக்கு எடுப்பா இருக்கும்." "அப்ப அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார், மேல வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றது அந்தப் பெண். உன் மாமா கொஞ்சமும் தயங்காமல், "அவ வரமாட்டாம்மா, ரொம்பத் தூரத்துல இருக்கா. நாங்க எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். அரக்குச் சிவப்பில் பச்சை பார்டர் போட்டது எடுத்தோம். பையை என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தவர், பாமணி ஆற்றுப் பாலம் வந்ததும் நிறுத்திவிட்டார். ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது இந்த வருஷம்.

"அத்தான், அவன் எனக்கும் அந்த வாசிப்ப அனுப்பிச்சான்" என்றார். "வண்டி ஓட்டிக்கிட்டே காதுல மாட்டிக் கேட்டேன். வாய்க்கா மதகுல வண்டிய நிறுத்திட்டு மாட்டுக்காரன் பாக்கறான்னுகூட இல்லாம அழுதேன். மேடைல நூறு ஜனம் பாக்கறப்ப அவன் வாசிச்சா நான் என்ன பண்ணுவேன்? மாலை எடுத்துக் குடுக்கற கையால மூஞ்ச மூடிக்கிட்டு நிக்கணுமா? போட்டோக்காரன் அதையும் புடிப்பான்." எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. "அத ஏன் மாப்ள அன்னைக்கே சொல்லல?" என்றேன். "அதச் சொல்லலாமா? எழவுன்னு சொன்னா ஒத்துக்குவாங்க, அழுகை வரும்னு சொன்னா சிரிப்பாங்க" என்றார். இதை உனக்கு எழுதப்போவது அவருக்குத் தெரியாது. நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

மடியில் புடவையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நம் வீட்டில் படையல். சுமங்கலியாகப் போனவர்களைக் கூப்பிட்டு, புதுப்புடவை வைத்து, பிடித்ததைச் சமைத்துப் போட்டு, நல்ல காரியம் நடக்கப் போகிறது, வந்திருந்து நடத்திக் கொடு என்று கேட்பது. சின்ன வயதில் உன் அத்தை கல்யாணத்தில் நீ பார்த்திருக்கிறாய். மணையில் புடவை, அதன் மேல் பூ, வளையல், கண்ணாடி, சீப்பு, எதிரே தலைவாழை இலை. விளக்கை ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவள் வந்து சாப்பிட்டு, புடவையைப் பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் கதவைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். "உள்ள யாரு சாப்புடறாங்க? எனக்கு இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டு அன்றைக்கு நீ அடி வாங்கினாய். அடித்தது உன் அம்மா.

அந்தக் கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் நீ வாசி. நெல் மூட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு அவள் படுத்திருந்த அறையிலேயே படைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி வருஷம் குழாய் வழியே கஞ்சி மட்டும் இறங்கியவளுக்கு, மொச்சைக்கொட்டைக் குழம்பும் வாழைக்காய் வறுவலும் அதிரசமும் வைப்போம். அவள் சாப்பிடட்டும். நீ கதவுக்கு வெளியே மணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசி. அந்த நேரத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் கதவு மேல் இருக்கும். உன் மாமா அழலாம். நானும் அழலாம், அதற்குள் கண் ஆறியிருக்கும். துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் நம் வீட்டில் பொதுவாக ஒரு இடம் முன்பே இருக்கிறது, தம்பி. நாம்தான் அதைப் பார்க்காமல் மண்டபத்து மேடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். அப்படி வாசித்த பிறகும் மேடையில் வாசிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல். உன் மாமாவிடம் நானே பேசுகிறேன். அதற்கு முன் கதவைச் சாத்தியதும் உன் தங்கையை உன் பக்கத்தில் உட்கார வை. படைத்த புடவை வழக்கப்படி வீட்டுப் பெண்ணுக்குத்தான், அவள்தான் கட்டிக்கொள்ள வேண்டும். "எனக்குப் பொடவ கட்டத் தெரியாது" என்று இப்போதே முணுமுணுக்கிறாள். உனக்கு மனைவியாக வரப்போகிறவள் கட்டிவிடுவாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பா என்று நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தப் பெண் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால், கையில் இருக்கும் சுரத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்காதே. நான் வாழ்நாள் முழுக்க, இந்த மடையை அடைத்துவிட்டு வருகிறேன், இந்த வரப்பை வெட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். கடைசி நாளும் அதையே சொல்லிவிட்டுப் போனேன். வரப்பை வெட்டினேன், தண்ணீர் வடிந்தது, பயிரும் பிழைத்தது. அந்த நெல்லைத்தான் அந்த வருஷம் சாப்பிட்டோம். ருசி தெரியவில்லை. நகம் உடைந்தால் வளரும். உன் அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள், நான் சொல்கிறேன்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளும் நேரமாகிவிட்டது. மருந்து விட்டால் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். மீதி இடத்தில் நீ ஏதாவது எழுதுவதானால் எழுதி ஒட்டிவிடு என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத ஒன்றுமில்லை என்கிறாள். வந்துவிடு, தம்பி. மூட்டைகளைத் தூக்க ஒரு ஆள் குறைகிறது.

அண்ணா, அப்பா உள்ளே படுத்துவிட்டார். அவரால் இப்போது படிக்க முடியாது, நானும் படித்துக் காட்டப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் தலைமாட்டில் இருந்ததாக அப்பா நினைக்கிறார். நானும் இல்லை. அன்றைக்கு அம்மா தட்டினார்கள். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் முதல் தடவை தட்டியது சரியாகக் காதில் விழவில்லை. மறுபடி தட்டினார்கள். பிழிந்துகொண்டிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தேன். வருவதற்குள் ஸ்பூன் கீழே கிடந்தது. எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு தடவை மட்டும் தெரியவில்லை.

அப்பா தூங்கிய பிறகு உன் வாசிப்பை நான் காதில் மாட்டிக்கொண்டு தினமும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறது. நீ தட்டுவது சரியாகத்தான் இருக்கிறது, மாற்றாதே. ஆனால் தட்டியதும் உடனே அடுத்த சுரத்துக்குப் போய்விடுகிறாய். வெள்ளிக்கிழமை வாசிக்கும்போது அங்கே கொஞ்சம் இடம் விடு, அண்ணா. கொல்லையிலிருந்து ஒருத்தி ஓடி வந்து சேருகிற அளவுக்கு.